வீட்டில் விபிஎன் தகராறு: புது ரௌட்டர் வாங்கும் முன்

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். அலுவலக விபிஎன் (இணையத்தின் ஊடே மறையாக்கம் செய்த தனிப்பாதை) இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஆனால் அலுவலகக் கோப்புகள் உள்ள சர்வர் மட்டும் திறப்பதில்லை. இணைய நிறுவனத்திலிருந்து வந்தவர், ரௌட்டர் பழையது, 4,500 ரூபாய்க்குப் புதியது வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, அதே விபிஎன் வழியாக அதே சர்வரைத் திறந்து பாருங்கள். அப்போதும் திறக்காவிட்டால் பெரும்பாலும் கோளாறு உங்கள் ரௌட்டரில் இல்லை. அலுவலகக் கணினிப் பிரிவினரைக் கேளுங்கள். ஹாட்ஸ்பாட்டில் திறந்து, வீட்டு வைஃபையில் மட்டும் திறக்காவிட்டால், நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. வீட்டு ரௌட்டர்களில் மிகப் பல, 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே வீட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கின்றன. அலுவலகமும் அதே வரிசையைப் பயன்படுத்தினால், 192.168.1.10 என்ற சர்வரைத் தேடும் மடிக்கணினி, அது வீட்டுக்குள்ளேயே இருப்பதாகக் கொண்டு, விபிஎன்னுக்குள் நுழையாமல் வீட்டு வைஃபையிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'லேன்' என்ற பகுதியில், 192.168.57.1 போல அதிகம் புழங்காத முகவரி ஒன்றைக் கொடுத்து, ரௌட்டரை அணைத்து மீண்டும் இயக்குங்கள். காசு செலவில்லை. புதிய ரௌட்டரை வாங்கியிருந்தால் அதுவும் அநேகமாக அதே பழைய வரிசையோடுதான் வந்திருக்கும். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து நான் வாங்கிய ரௌட்டர் ஒன்று பரணில் இருக்கிறது. உங்களுடையதும் அங்கே போக வேண்டாம்.

கேள்வி: நேற்று வரை இணைந்த விபிஎன், இன்று 'சான்றிதழ் செல்லாது' என்கிறது. மடிக்கணினி மிகப் பழையது. மாற்றிவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் அதில் தேதி சரியாக உள்ளதா என்று பாருங்கள்; தேதி தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். அணைக்கும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போனால் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கும்போது சென்னை வீட்டுக் கேமராக்களைப் பார்ப்பதற்காக, கடைக்காரர் பரிந்துரைத்த விபிஎன் ரௌட்டரை 9,800 ரூபாய்க்கு வாங்கினேன். "எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்றார். வீட்டுக்குள் இருக்கும்போது எல்லாம் தெரிகிறது. வெளியூரிலிருந்து ஒரு முறைகூட இணையவில்லை. விற்ற பொருளைத் திரும்பப் பெற முடியாது என்கிறார்.
- வாசகர், சென்னை

பதில்: உங்கள் மீது தவறு ஏதுமில்லை, ரௌட்டரும் பழுதாக இருக்க வேண்டியதில்லை. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான் ஐபி' என்ற எண்ணை, அதாவது இணைய நிறுவனம் ரௌட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்களுக்கென்று பொது முகவரி கிடையாது என்று பொருள்.

இதைப் பற்றி எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. பழைய வகை (ஐபிவி4) ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. அவற்றின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் முகவரிகளை விநியோகிக்கும் மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. தட்டுப்பாட்டைச் சமாளிக்க, இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன; 2012இல் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசைதான் மேலே சொன்னது. சிஜிநாட் என்று துறையினர் அழைக்கும் இந்த ஏற்பாட்டில் நீங்கள் வெளியே போகலாம், படம் பார்க்கலாம், அலுவலக விபிஎன்னில் சேரலாம். ஆனால் வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வரும் இணைப்பு, எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். தட்டுப்பாடு உண்மை, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். வேகத்தையும் இலவச ஓடிடி சந்தாக்களையும் கொட்டை எழுத்தில் அச்சிடும் விளம்பரங்களில், "இந்த இணைப்பில் பொது முகவரி கிடையாது" என்ற ஒரு வரியை ஏன் அச்சிடக் கூடாது என்பதே என் கேள்வி. நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால்தான், நிலையான ஐபி (மாறாத பொது முகவரி) தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும் என்று சொல்வார்கள்; அதையும் எல்லாத் திட்டங்களிலும் தருவதில்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. அந்த நிலையான ஐபியைக் கேட்டுப் பெறலாம். அல்லது, வீட்டில் எப்போதும் இயங்கும் சிறு கணினி ஒன்றிலும் உங்கள் செல்பேசியிலும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவையை நிறுவலாம். இரு முனைகளும் வெளிநோக்கி இணைந்து நடுவில் சந்திப்பதால் சிஜிநாட் தடையாக இராது. தனிநபர்களுக்குக் கட்டணமற்ற திட்டமும் உண்டு. கடைக்காரரை விட்டுவிட வேண்டாம். பொருளுக்கு இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பது, வாய்மொழியாகச் சொன்னாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. ரசீதையும் அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தாலும் இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: விபிஎன்னை இயக்கினால் சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. வேகச் சோதனையில் எல்லாம் சரி.
- வாசகி, திருச்சி

பதில்: விபிஎன் செயலியின் அமைப்பில் 'எம்டியு' என்ற எண்ணை (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1400 ஆக்குங்கள்; சரியாகாவிட்டால் 1280. இணையத்தில் ஒரு தரவுப் பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிராட்பேண்ட் இணைப்புகள் அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ள, விபிஎன் தன் உறைக்காக மேலும் சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய இடத்துக்குள் அடங்காத பெரிய பொட்டலங்கள் வழியில் கைவிடப்படுகின்றன, சிறியவை போய்ச் சேர்கின்றன.

கேள்வி: இலவச விபிஎன் செயலிகள் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று துண்டித்தால் அடுத்ததற்கு மாறுவேன். இப்போது எதுவுமே இணையவில்லை. வங்கிச் செயலியும் திறக்க மறுக்கிறது. நல்ல இலவச செயலி ஒன்று சொல்லுங்கள்.
- வாசகர், ஈரோடு

பதில்: சொல்ல மாட்டேன். மூன்றையும் நீக்குங்கள், செல்பேசியின் விபிஎன் அமைப்புப் பக்கத்தில் அவை விட்டுச்சென்ற பதிவுகளையும் அழியுங்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுதான் உங்கள் கோளாறாக இருக்கும். அதைவிடப் பெரிய கவலை வேறு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கிய '911 எஸ்5' என்ற வலையமைப்பு, மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன் மென்பொருள்கள் வழியாகத்தான் உலகெங்கும் கணினிகளுக்குள் நுழைந்தது. அதில் சிக்கிய ஐபி முகவரிகள் 1.9 கோடிக்கும் மேல். அவற்றைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். உங்கள் வீட்டு இணைப்பின் பெயரில் வேறொருவன் மோசடி செய்தால் காவல் துறை முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? வங்கிச் செயலியும் உள்ள செல்பேசியில் முன்பின் தெரியாத மூன்று நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, நான்காவதைக் கேட்கிறீர்கள்.

கேள்வி: முதல் ஆண்டு சலுகை விலையில் எடுத்த விபிஎன் சந்தா, என்னைக் கேட்காமலே முழு விலைக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. வங்கியிலிருந்து ஏதோ குறுஞ்செய்தி வந்தது, படிக்கவில்லை.
- வாசகர், சேலம்

பதில்: கேட்டிருக்கிறார்கள், நீங்கள்தான் படிக்கவில்லை. தானாகப் பிடிக்கப்படும் கார்டுத் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்பி, விலகவும் வழி காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்களுக்கு வந்த "ஏதோ குறுஞ்செய்தி" அதுவாகத்தான் இருக்கும். இன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள்; புதுப்பித்த சில நாட்களுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. ரத்து செய்யும் பொத்தானை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருந்தால் அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ள சந்தாப் பொறி. அதற்கும் 1915 உண்டு. புதுப்பித்தலுக்கு அஞ்சி 'வாழ்நாள் சந்தா' பக்கம் போய்விடாதீர்கள். அப்படி நான் வாங்கிய சேவை என் வாழ்நாளுக்கு வெகு முன்பே தன் வாழ்நாளை முடித்துக்கொண்டது.

கேள்வி: விடுதி வைஃபையில் விபிஎன் இணையவே மறுக்கிறது, செல்பேசி டேட்டாவில் உடனே இணைகிறது. வேறு நிறுவனத்தின் ஓராண்டுச் சந்தா வாங்கட்டுமா?
- வாசகி, சென்னை

பதில்: கூடாது. விபிஎன் செயலிகள் பின்பற்றும் நெறிமுறைகளில் வயர்கார்ட் வழக்கமாக 51820, ஓபன்விபிஎன் 1194 என்ற யுடிபி வாயில்களை (தரவு போய்வரும் எண்ணிட்ட கதவுகளை) பயன்படுத்துகின்றன. விடுதியின் ஃபயர்வால் அவற்றை அடைத்திருக்கும். புதிய நிறுவனத்தின் செயலியும் அதே வாயில்களில் போய் நிற்கக்கூடும். இப்போதுள்ள செயலியின் அமைப்பிலேயே நெறிமுறையை டிசிபி 443க்கு மாற்றிப் பாருங்கள். சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் வாயில் என்பதால் அதைப் பெரும்பாலும் யாரும் அடைப்பதில்லை, வேகம் மட்டும் சற்றுக் குறையும். அதற்கு முன், விபிஎன்னை விடுதி விதிகள் தடை செய்கின்றனவா என்று நிர்வாகத்தைக் கேட்டுவிடுங்கள்.