டாரன்டுலா கடிச்சா ஆள் செத்துடுவாங்களா?

சாக மாட்டாங்க. டாரன்டுலாங்கிற அந்த முடி நிறைஞ்ச பெரிய சிலந்தி கடிச்சு மனுஷன் செத்ததா உறுதியான ரெக்கார்டு எதுவும் இல்ல. ஆனா நம்ம ஊர் ரகத்த லேசா எடுத்துக்காதீங்க, எங்க சித்தப்பா பட்ட பாட்ட பக்கத்துல இருந்து பார்த்தவ சொல்றேன்.

அவரு வியாசர்பாடி பக்கம் ஒரு மரக்கடைல லோடு இறக்குறவரு. பட்டை உரிக்காத கட்டை ஒண்ண தூக்கும்போது சுருக்குன்னு இருந்துச்சாம், கைய உதறுனா கீழ விழுந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, சாம்பல் கலரு, முன்னங்கால தூக்கிட்டு நிக்குது, அதோட அடிப்பக்கம் பளீர்னு மஞ்சள். கட்டைவிரலுக்குக் கீழ ரெண்டு ஓட்டை. "இன்னா ஆவும், பூச்சி தானே"ன்னு சுண்ணாம்பு தடவிட்டு மறுபடி லோடு இறக்கப் போயிட்டாரு.

வீக்கம் மறுநாளே வத்திடுச்சு. அன்னிக்கு ராத்திரிதான் ஆரம்பிச்சது. ரெண்டு கெண்டைக்காலும் கொரக்களி புடிச்சு கல்லு மாதிரி இறுகிப் போச்சு, சித்தி நீவ நீவ அடுத்த காலுக்குப் போவுது, அப்புறம் தோள்பட்டைக்கு, அவ்ளோ பெரிய மனுஷன் அழுதாரு. கடிச்சது கையில, இழுக்குறது கால்லயான்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல.

ஆஸ்பத்திரில நான் போன்ல காட்டுன போட்டோவ பார்த்துதான் டாக்டர் சொன்னாரு, இது பொய்சிலோதீரியா, மரப்பொந்துல வாழுற இந்திய ரகம், இதோட விஷத்துக்கு தசைய இழுக்குற குணம் உண்டு, சில பேருக்கு நாள் கணக்குல விட்டு விட்டு வரும்னு. இதுல ஒரு ரகத்த 1899லயே அரக்கோணத்துல கண்டுபிடிச்சிருக்காங்க, நம்ம லோக்கல் டிரெயின் போற ஊருங்க அது! இதுக்குன்னு விஷமுறிவு மருந்து கிடையாது, பாம்புக்கடி ஊசி இதுக்கு வேலை செய்யாது. வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் மருந்து குடுத்து, டிடி ஊசி போட்டு, ஒரு நாள் படுக்க வெச்சு பார்த்தாங்க. ஒன்பது நாள் ஆச்சு முழுசா நிக்க.

அதனால கடிச்சா சோப்பு போட்டு கழுவுங்க, ஐஸ துணில சுத்தி வைங்க, மோதிரம் இருந்தா உடனே கழட்டுங்க, கீறாதீங்க, வாய வெச்சு உறிஞ்சாதீங்க. மூச்சு வாங்குனாலோ, மூஞ்சி வீங்குனாலோ, சதை இழுத்தாலோ ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சிருக்காதீங்க.

ஆசைக்கு வளர்க்குறவங்களுக்கு ஒண்ணு. 2021ல போலந்துல இருந்து வந்த பார்சல்ல உயிரோட 107 சிலந்திய சென்னை கஸ்டம்ஸ்ல புடிச்சாங்கல்ல, பார்சல் போலந்துல இருந்து வந்தாலும் அதெல்லாம் அமெரிக்கா பக்கத்து ரகம், அந்த மாதிரி ரகங்கள்ல நிறைய கடிக்கிறதுக்கு முன்னாடி வயித்து முடியத்தான் பின்னங்காலால உதறி விடும். அது கண்ணுல குத்துனா மாசக்கணக்குல சிவந்து கிடக்கும், கசக்காம நேரா கண் டாக்டர்கிட்ட போங்க.

வீட்டு சுவத்துல தட்டையா ஓடுற பெரிய எட்டுக்கால் பூச்சி டாரன்டுலா இல்ல, கரப்பான்பூச்சி திங்கிறது, அத அடிக்காதீங்க ப்ளீஸ்.