கையெழுத்துக் கேட்கிறவர்கள் நேரத்தையும் சொல்ல வேண்டும்

கேள்வி: வீட்டுக்கு வரும் பார்சலைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதால் உங்களுக்கு என்ன சிரமம் வந்திருக்கிறது? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் மட்டக்களப்பில், ஆரையம்பதியில் இருக்கிறேன். வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும். கூரியர்காரர் எங்கள் ஒழுங்கைக்கு வருவதும் அந்த நேரத்துக்குள்தான். கொழும்பிலிருந்து இரவோடிரவாக வரும் சாமான்களை விடியப்புறம் டவுனில் பிரிப்பார்கள். அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்முனை வீதியால் இறங்கி, காத்தான்குடியை முடித்து எங்கள் பக்கம் வர பத்து, பதினொரு மணி ஆகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் எப்படி வீட்டில் இருப்பது? முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பிழையில்லாமல் வந்த பார்சல், கேற்றடி வரை வந்து திரும்பிப் போகிறது.

கையெழுத்து வாங்கட்டும், அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லாமல், வரும்போது ஆள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

பதிவுத் தபாலை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் கூடக் காசு கட்டுவதே, போய்ச் சேர்ந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றுதான். நீதிமன்ற அழைப்பாணை, வங்கி அட்டை, பாஸ்போர்ட், காணி உறுதி எல்லாம் யாரோ ஒருவர் கையில் போய்விடக்கூடாது. ஒப்புகை அட்டையும் சேர்த்து அனுப்பினால், நாங்கள் போட்ட கையெழுத்து அனுப்பியவரிடமே திரும்பிப் போகும். இதெல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கையெழுத்தால் முதலில் காப்பாற்றப்படுவது அனுப்பியவரும் கொண்டுவந்தவரும். காத்திருக்கும் வேலை மட்டும் எங்கள் தலையில் விழுகிறது. எனக்காவது லீவு இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் மேசன் வேலைக்கும் தையல் வேலைக்கும் போகிறவர்கள் ஒரு பார்சலுக்காக வீட்டில் நின்றால் அன்றைய கூலி போய்விடும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணா கனடாவில் இருக்கிறார். குடும்பக் காணி ஒன்றின் அலுவலுக்காக அப்பாவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம் எழுதி, மூலப்பிரதியைக் கூரியரில் அனுப்பியிருந்தார். அந்த அலுவலுக்கு மூலப்பிரதிதான் வேண்டும், போட்டோக் கொப்பி சரிவராது. அது பெரும்போக அறுவடைக் காலம். அப்பா கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் வயலில், வாடி என்கிற காவல் குடிசையில் இருந்தார். வேளாண்மை விளைந்து நிற்கும்போது யானை இறங்கும். இரவில் காவல், பகலில் வெட்டு மெசினுக்குப் பின்னால் அலைச்சல். போன் சிக்னலும் வாடியில் நின்றால் வராது, வரம்பால் நடந்து றோட்டுக்கு ஏற வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்களுக்கு அக்கரை கிட்ட வந்துவிட்டது உண்மைதான். முன்பு ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடக்கக் காத்திருந்த காலத்தை அப்பா இன்னும் சொல்லுவார். ஆனாலும் அறுவடையை விட்டுவிட்டு நினைத்த நேரத்துக்கு ஓடிவர முடியாது.

பார்சல் கொண்டுவந்த தம்பி அதை அம்மாவிடம் கொடுக்க மறுத்தார். பெயருக்குரியவர் ஐசியோடு, அதாவது அடையாள அட்டையோடு நிற்க வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். நாளைக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா வெட்டு வேலையை மாமாவிடம் பாரம் கொடுத்துவிட்டு அன்றிரவே வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் குளித்து, சேட்டைப் போட்டு, ஐசியை விறாந்தை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார். கேற்றைத் திறந்து விட்டிருந்தோம். நாயையும் கட்டிப் போட்டிருந்தோம். மத்தியானம் தாண்டியும் யாரும் வரவில்லை. பின்னேரம் நான் வந்து இணையத்தில் பார்த்தால், ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பதிந்திருந்தது.

கொழும்புக்குக் கோல் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஆள் வீட்டில்தான் இருந்தார், விடியவிலிருந்து காத்திருந்தார் என்று விளங்கப்படுத்தினேன். சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, இன்னொரு தடவையும் ஆள் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம் என்றார். கடைசியில் அப்பாவே டவுனில் இருக்கும் கிளைக்குப் போய், நின்று, எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பதிவுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் வாங்கினேன் என்பதற்கு என் கையெழுத்து வேண்டும். அவர்கள் வந்தார்கள் என்பதற்கு எதுவும் வேண்டாமா? கேற்றடியில் நின்று ஒரு படம் எடுத்தால் நேரமும் இடமும் அதிலேயே பதிந்துவிடும். ஒரு கோல் எடுத்தால் எங்கள் போனில் அது இருக்கும். ‘ஆள் இல்லை’ என்று போடுவதற்கு முன் இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் என்று நிறுவனங்கள் வைத்தால், இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதற்குப் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கையெழுத்து வாங்கும் அதே போன் போதும்.

அந்தப் போனில் வாங்கும் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்தென்றால் தமிழில் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதுவார். சமுர்த்திப் படிவத்திலும் கோயில் கணக்குக் கொப்பியிலும் அவருடைய கையெழுத்து ஒரே மாதிரி இருக்கும். ஒரு சனிக்கிழமை, வேறொரு பார்சல் வந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். ஈர விரலுக்கு ஸ்கிரீன் பிடிக்கவில்லை. திரும்பவும் துடைத்து எழுத, முதல் எழுத்து விழுந்தது. இரண்டாவது எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

“அம்மா, சும்மா ஒரு கோடு இழுங்க, காணும்” என்றார் பார்சல் கொண்டுவந்தவர்.

“பேர் எழுத வேணாமா மனே?”

“வேணாம்மா, நேரம் போகுது.”

அம்மா ஒரு கோடு இழுத்தார். பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போகும்போது அவருடைய முகம் சரியாக இல்லை. எனக்கும் மனதுக்குச் சரியாக இல்லை. அந்தக் கோடு யாருடையது என்று பிறகு யார் சொல்வது? நாளைக்கு ஒரு பார்சல் வராமலே ‘கொடுத்தாயிற்று’ என்று பதிந்து, இப்படியொரு கோட்டைக் காட்டினால் நாங்கள் எப்படி மறுப்பது? இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின் கையொப்பத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அதனால் கண்ணாடியில் விரலால் போடுவதுதானே என்று விட்டுவிட முடியாது. கையெழுத்து முக்கியம் என்றால் ஆறுதலாக எழுத விட வேண்டும். முக்கியம் இல்லையென்றால் அதைச் சொல்லி ஆட்களை அலைக்கழிக்கக் கூடாது.

இதில் எழுதத் தெரியாத கிழவிகளின் பாடு இன்னும் மோசம். எங்கள் அயலில் ஒரு பெரியம்மா கைநாட்டு வைப்பவர். அவருக்குப் பதிவுத் தபால் வந்தால் தபால்காரர் பெருவிரலில் மையைப் பூசிக் கைநாட்டு எடுப்பார். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு ஒரு கையெழுத்தும் வாங்குவார். கூரியர் போனில் கைநாட்டுக்கு இடம் இல்லை. அதனால் வருகிறவரே ஏதோ ஒன்றைக் கிறுக்கிவிட்டுப் போகிறார்.

எங்கள் தபால்காரரைப் பற்றி நான் எப்போதும் நல்லதுதான் சொல்வேன். யார் வயலுக்குப் போயிருக்கிறார், யார் ஆஸ்பத்திரியில் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பதிவுத் தபால் வந்து ஆள் இல்லையென்றால் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் போவார். ஐசியோடு தபாலகத்துக்குப் போனால் எடுக்கலாம். 2020இல் கொரோனா ஊரடங்கு நேரம் அரச வைத்தியசாலைக் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள்தான் நாடு முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதே காலத்தில் பிரித்தானியாவின் ரோயல் மெயிலும் அமெரிக்கத் தபால் சேவையும், வாங்குகிறவர் கருவியைத் தொடத் தேவையில்லை, பெயரைக் கேட்டுத் தபால்காரரே பதியலாம் என்று மாற்றிக்கொண்டன. வேண்டும் என்று நினைத்தால் வழி பிறக்கிறது.

கூரியரில் ஓடுகிற பொடியன்மாரின் கஷ்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பலருக்குக் கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் காசு. திரும்பக் கொண்டுபோவதற்கு எண்ணெய்ச் செலவு அவர்களுடையது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான் கொடுத்தார்கள். அந்த நேரம் எங்கள் பக்கம் வந்த தம்பி ஒருவர் எல்லாரிடமும் போனில் கேட்டு, சம்மதித்தவர்களின் பார்சல்களைச் சந்தியில் இருக்கும் பலசரக்குக் கடையில் வைத்துவிட்டுப் போவார். கடைக்கார நானா ஒரு கொப்பி போட்டு, எடுக்கிறவரிடம் பெயரும் திகதியும் கையெழுத்தும் வாங்கினார். நாங்கள் பாடசாலை விட்டு வரும் வழியில் எடுத்துக்கொண்டு போனோம். ஒரு பார்சலும் தொலையவில்லை. கம்பனிகள் இதையே முறையாகச் செய்யலாம். ஊருக்கு ஒரு கடையை ஒப்பந்தம் பண்ணி ஒரு சிறு தொகை கொடுத்தால் கடைக்கும் வருமானம், பொடியன்மாருக்கும் அலைச்சல் மிச்சம்.

சரி, நான் இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், முதலில் என்ன சாமான் என்று பார்ப்பேன். காசு கொடுத்து வாங்கும் பார்சல் என்றால் கவலை இல்லை, யார் காசைக் கொடுத்தாலும் தந்துவிட்டுப் போவார்கள். பெயருக்குரியவர்தான் வாங்க வேண்டும் என்ற பார்சலுக்குத்தான் முன்னேற்பாடு தேவை. பார்சல் மட்டக்களப்புக் கிளைக்கு வந்துவிட்டது என்று இணையத்தில் கண்டவுடன், காலை ஏழு மணிக்கே கிளைக்குக் கோல் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், பின்னேரம் நானே வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். கிளையில் என்னோடு பேசிய ஆளின் பெயரையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். அப்பாவின் பெயருக்கு வருவதென்றால் அப்பா கையொப்பமிட்ட கடிதம் ஒன்று தயாராக இருக்கும். அதில் பார்சல் இலக்கம், அப்பாவின் ஐசி இலக்கம், வாங்கப் போகிற என் பெயர், என் ஐசி இலக்கம், திகதி எல்லாம் இருக்க வேண்டும். அப்பாவின் ஐசிக் கொப்பியையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள். வங்கி அட்டை மாதிரியான சாமான்களுக்கு இது சரிவராது, ஆள்தான் போக வேண்டும்.

பொதி கிழிந்தோ நசுங்கியோ இருந்தால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் கையெழுத்து. பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் பக்கத்தில் ‘பொதி கிழிந்திருந்தது’ என்று எழுதியே கையெழுத்திடுங்கள். வராமலே ‘ஆள் இல்லை’ என்று போட்டால் உடனே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய சேவையில் பதில் கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் சொல்லலாம்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு இலக்கம் வெளியே தெரியாது. முகவரியோடு ஒழுங்கையின் பெயரையும் பக்கத்தில் இருக்கும் கோயிலையோ கடையையோ எழுதுங்கள். பகலில் போன் தூக்கக்கூடிய ஒருவரின் இலக்கத்தைப் போடுங்கள். வயலில் நிற்கிற அப்பாவின் பெயருக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், வீட்டில் இருக்கிற அம்மாவின் பெயருக்கு அனுப்புங்கள். தபாலில் அனுப்பினால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், பிறகு நாட்டைக் காட்டும் இரண்டு எழுத்து என்று ஒரு இலக்கம் தருவார்கள். அதை அன்றைக்கே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், எப்போது லீவு எடுப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.