நுவரெலியாவின் மரப்பன்னம் வெள்ளவத்தையில் ஏன் கருகுகிறது?

வணக்கம் அக்கா,

நுவரெலியாவிலிருந்து திரும்பும் வழியில், முழங்கால் உயரத் தண்டோடு ஒரு மரப்பன்னம் (மரம்போல் தண்டு விடும் பெரணி) தெருவோரத்தில் வாங்கினேன். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கனியில் சட்டியில் வைத்திருக்கிறேன். காலை மாலை தண்ணீர் விட்டும், மூன்று கிழமைக்குள் ஓலை நுனிகள் கருகிவிட்டன. சுருண்டு வந்த குருத்தொன்றும் கறுத்துப்போயிற்று. ஓலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வேறு. பூச்சிமருந்து அடிக்கலாமா? இது போனால் இன்னொன்று கொண்டுவரலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

மருந்து அடிக்க வேண்டாம். படத்தில் அந்தப் புள்ளிகள் நரம்பின் இருபுறமும் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கின்றன. அவை பூச்சியல்ல, பன்னம் இனம்பெருக்கும் தூளான வித்திகளைத் தாங்கும் வித்திக்கலன்களின் கூட்டங்கள். செதிற்பூச்சி என்றால் தண்டிலும் ஓலையிலும் அங்கொன்று இங்கொன்றாக ஒட்டியிருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும்.

காம்பை மூடிய வெளிர்ந்த செதில்களைப் பார்த்தால் இது சயாத்தியா கிரினிட்டா. இப்போது அல்சோபிலா என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள். நம் மத்திய மலைநாட்டிலும் தென்னிந்திய மலைகளிலும், முகில் தவழும் காடுகளின் ஓடைக்கரைகளில் வளர்வது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். கொழும்பிலோ 27க்கு மேல், இரவிலும் பெரும்பாலும் 24க்குக் குறையாது. பகலில் சேர்த்த உணவில் பெரும்பகுதியை இந்தச் சூட்டில் இரவுச் சுவாசமே எரித்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தக் குறை தீராது.

தண்ணீர் விடும் இடமும் பிழை. மரப்பன்னத்தின் தண்டு மரத்தைப் போல ஆண்டுதோறும் பருப்பதில்லை. உள்ளே மெல்லிய தண்டு, அதைச் சுற்றிக் கறுத்த வேர்களின் தடித்த போர்வை. மலையில் அந்தப் போர்வையை மூடுபனி ஓயாமல் நனைக்கிறது. உங்கள் பல்கனியில் உப்புக் கடற்காற்று அதை உலர்த்துகிறது. சட்டி மண் சேறாகவும் தண்டு காய்ந்தும் இருந்தால் இரண்டு பக்கமும் கேடு.

இப்போது செய்யக்கூடியது: கடல் பக்கத்திலிருந்து எடுத்து, காலை வெயில் மட்டும் சற்றுப் படும் மூலைக்கு மாற்றுங்கள். ஏசி அறை வேண்டாம், காற்று வறண்டது. தண்டைச் சுற்றித் தேங்காய்த் தும்பு கட்டி, நாளுக்கு இருமுறை தண்டையே நனையுங்கள். சட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. புதுக்குருத்து வரும்வரை உரமும் வேண்டாம். உச்சியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. மெத்தென்று அழுகியிருந்தால் முடிந்தது. வளரும் முனை அந்த ஒன்றுதான், பக்கத்தில் துளிர்க்காது. உயிரோடு இருந்தால் மலைநாட்டில் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அதுதான் அந்தச் செடிக்குச் செய்யும் நன்மை.

இன்னொன்று கொண்டுவர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். வித்தியிலிருந்து முழங்கால் உயரத் தண்டு உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். தெருவோரத்தில் அந்த அளவில் விற்பது காட்டில் தோண்டியதாகவே இருக்கக்கூடும். மரப்பன்னங்கள், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதற்கும் இப்படி அள்ளப்படுவதே காரணம். பார்க்க ஆசையென்றால் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் பன்னத் தோட்டத்துக்குப் போங்கள்.

கொழும்பின் சூட்டைத் தாங்குவது பறவைக்கூட்டுப் பன்னம். அதை வித்தியிலிருந்தே வளர்க்கலாம். ஓலையின் அடியில் சரிந்த கோடுகள் பழுப்பானதும் ஒரு துண்டை வெட்டி, கோடுகள் கீழே படும்படி வெள்ளைத் தாளில் இரண்டு நாள் வையுங்கள். விழும் தூளில் உமி போன்றதைத் தட்டி நீக்குங்கள். மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் தும்புத்தூளும் ஆற்றுமணலும் சம அளவில் இட்டு, கொதிநீர் ஊற்றி, மூடியே ஆறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் பூஞ்சணமும் பாசியும் முந்திக்கொள்ளும். ஆறியபின் மேலே தூவ, கத்தி நுனியளவு தூள் போதும். அடர்த்தியாகத் தூவினால் ஒன்றையொன்று நெருக்கி எல்லாமே நின்றுவிடும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில், சில கிழமைகளில் பச்சைப் படலம் தோன்றும். பிறகு அது நகத்தளவுக்கும் சிறிய இதயவடிவத் தகடுகளாகும். அப்போது கொதித்தாறிய நீரை மென்மையாகத் தெளியுங்கள். அந்தத் தகடுகளில் உருவாகும் ஆண் அணுக்கள் முட்டையிடம் நீந்திச் செல்ல நீர்ப்படலம் வேண்டும். முதல் ஓலைகள் 3 சென்ரிமீற்றர் வந்ததும், இரண்டு கிழமை எடுத்து மூடியை நாளுக்குச் சிறிது சிறிதாக அகலத் திறவுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் ஒரு மத்தியானத்திலேயே வாடிவிடும்.