பசுமைக்குடில் ஆடிக்காற்றில் தூக்காமல் இருக்க: பணத்தை மண்ணுக்குள் போடுங்கள்

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம், பூளவாடிக்கு அருகே எங்கள் வீடு. நாற்று விடுவதற்காகக் கொல்லையில் 12க்கு 10 அடியில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் வாங்கிப் போட்டோம். நான்கு ஜிஐ குழாய் வளைவுகள், மேலே பாலிதீன் ஷீட். போன ஆனிக் காற்றில் மேற்குப் பக்கம் இரண்டு கால்கள் மண்ணைவிட்டுக் கிளம்பிவிட்டன. ஷீட்டும் ஓரத்தில் கிழிந்துவிட்டது. போட்டுக்கொடுத்தவர், கனமான குழாயும் 300 மைக்ரான் ஷீட்டும் மாற்றினால் போதும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மணல் மூட்டை கட்டச் சொல்கிறார். ஷீட்டில் அங்கங்கே ஓட்டை போட்டால் காற்று வெளியே போய்விடும் என்று ஒருவர் சொன்னார். எதைச் செய்யலாம் ஐயா? எங்கள் மண் கரிசல்.

பதில்: மூன்றையும் செய்யாதீர்கள். புதுக் குழாய்க்கு முன்பணம் கொடுத்திருந்தால், முதல் வேலையாக அதைத் திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் குடிலுக்கு என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். காற்று குடிலைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது மேலே தூக்கியிருக்கிறது. வளைந்த கூரைமேல் வேகமாக ஓடும் காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும். மேற்குப் பக்கம் கதவோ கிழிசலோ திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்துகொண்டு கீழிருந்து தள்ளும். எதிர்க்காற்றில் குடை கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போவதும் இதே கதைதான்.

கணக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ. உங்கள் குடிலின் தரைப்பரப்பு 11 சதுர மீட்டர். ஆக, கால் டன்னுக்கு மேல் கூரையைத் தூக்கப் பார்க்கும். குடிலின் மொத்த எடையோ ஒரு ஆளின் எடைக்கு மேல் இருக்காது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி கோவைப் பகுதிக்கு விநாடிக்கு 39 மீட்டர் என்று வைத்திருக்கிறது. அது மணிக்கு 140 கி.மீ. அந்த வேகம் ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடியது என்றாலும், வரும் நாளில் தூக்குவிசை ஒரு டன்னைத் தொடும்.

இப்போது மணல் மூட்டைக்கு வாருங்கள். சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பினால் ஒரு மூட்டை 50 கிலோ. நான்கு மூலைக்கும் சேர்த்து 200 கிலோதான். அதையும் கயிற்றில் தொங்கவிட்டால், குடில் ஆடும்போது மூட்டையும் ஆடிக் குழாயை இழுத்து வளைக்கும். வெயிலில் சாக்கு சில மாதத்தில் நைந்துபோய் மணல் கொட்டிவிடும். ஓட்டை யோசனை இன்னும் மோசம். பாலிதீன் ஷீட்டில் எங்கே வெட்டு விழுந்ததோ அங்கிருந்துதான் அடுத்த கிழிசல் ஓடும்.

உங்களுக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கியடித்துக்கொண்டு உங்கள் பக்கம் வருகிறது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். இந்தக் காற்று வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணிவரை பெரும்பாலும் மேற்கிலிருந்தே வரும். எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று தெரிந்து வேலை செய்யலாம். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்களுக்கு அந்த வசதி இல்லை. புயல் கடக்கும்போது காற்று திசையே மாறிவிடும். அங்கே எச்சரிக்கை வந்ததும் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வைப்பதுதான் வழி.

சரி, குழாய் விஷயம். இதில் மக்கள் ஏமாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. "கனமான குழாய்" என்று சொல்கிறாரே, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டீர்களா? பில்லில் எழுதியிருக்கிறதா? பெரும்பாலான பில்களில் "பசுமைக்குடில் - 1 செட்" என்று ஒரே வரிதான் இருக்கும். 2 மி.மீ. என்று வாயால் சொல்லிவிட்டு 1.2 மி.மீ. குழாயை இறக்குவார்கள். முனையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பெயிண்டும் அடித்திருப்பார்கள். வீட்டுத் தராசிலேயே பிடித்துவிடலாம். 33 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு அங்குலக் குழாய் 20 அடி நீளம் என்றால், 2 மி.மீ. தடிமனுக்கு ஒன்பதரை கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். ஆறு கிலோவுக்குள் நின்றால் அது 1.2 மி.மீ. அவர் எதிரிலேயே நிறுத்துக் காட்டுங்கள்.

இன்னொரு தில்லுமுல்லு, ஜிஐ என்று சொல்லி ஜிபி குழாயைக் கொடுப்பது. ஜிஐ குழாயை முழுதாக உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். ஜிபி குழாய், ஏற்கெனவே மெல்லிய பூச்சு பூசிய தகட்டை உருட்டிச் செய்வது. பளபளப்பு ஜிபியில்தான் அதிகம், அதனால்தான் ஏமாறுகிறோம். உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். முக்கி எடுத்த குழாயின் உள்ளேயும் துத்தநாகம் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும். எந்தக் குழாயாக இருந்தாலும் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கே துரு பிடிக்கும். தரைமட்டத்தில் வெல்டிங் வைத்த காலைத் தட்டிப் பாருங்கள், இரண்டு மழைக்காலம் கண்டிருந்தால் பொத்தென்று ஓசை கேட்கும். கிளாம்ப், போல்ட் போட்டு இணைப்பதுதான் சரி.

ஷீட்டும் அப்படித்தான். காற்றுக்கு 300 மைக்ரான் தேவையே இல்லை. 200 மைக்ரான், யுவி தாங்கும் ஷீட் போதும். அதன் ஒரு சதுர மீட்டர் துண்டு 185 கிராம் வாக்கில் இருக்கும். ஷீட் தடிமன் பற்றாமல் கிழிவது குறைவு. தளர்வாக இருந்து படபடவென்று அடித்துக்கொண்டுதான் கிழிகிறது. உங்களுடையதைக் கட்டுக்கம்பியால் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், கிழிசல் ஓரத்தில் என்பதால். கம்பி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு கிழிசலுக்கு ஆரம்பம். அலுமினியக் காடி (நடுவில் நீளப் பள்ளமுள்ள பட்டை) வைத்து, அதற்குள் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டும் முறை வந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஷீட்டில் ஒரு துளைகூட விழாது. வேண்டும்போது ஸ்பிரிங்கை உருவிக் கழற்றிவிடலாம். வெயிலில் காயும் குழாய் ஷீட்டைச் சுடாமல் இருக்க, குழாயின் மேல்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு இரண்டு வளைவுக்கும் நடுவே கூரைமேல் குறுக்காக ஒரு பாலியஸ்டர் நாடா ஓட்டி, இரு பக்கமும் கீழே இழுத்துக் கட்டுங்கள். ஷீட்டின் படபடப்பு அதிலேயே பாதி அடங்கிவிடும்.

இதெல்லாம் மேலே. முக்கியமான வேலை கீழே இருக்கிறது. விற்பவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார், ஏனென்றால் குழி தோண்டுவதில் அவருக்கு லாபம் இல்லை. "120 கி.மீ. காற்றைத் தாங்கும்" என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். எந்த அடித்தளத்தில் நின்றால் தாங்கும் என்று ஒரு வரி கிடையாது. பசுமைக்குடில் கட்டமைப்புக்கு ஐ.எஸ். 14462 என்ற பரிந்துரை 1997-லேயே வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுக் கொல்லைப்புறக் குடிலை யாராவது விற்கிறார்களா? வாங்கியவர் வீட்டுக்கு யாராவது வந்து காலை அசைத்துப் பார்க்கிறார்களா?

செம்மண் என்றால் சுருக்கமாக முடித்திருப்பேன். ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழம் குழி எடுத்து கான்கிரீட் போட்டால் ஒரு குழி 100 கிலோ தரும். எட்டுக் காலுக்கு 800 கிலோ. அதோடு சுற்றியிருக்கும் மண்ணின் பிடியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் உங்களுடையது கரிசல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கரிசல் மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் காற்று வருகிறதே தவிர மழை பெரிதாக வருவதில்லை, மலை மறைத்துக்கொள்கிறது. அதாவது மண் காய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே மாதங்களில்தான் காற்றும் அடிக்கிறது. ஐப்பசி ஈரத்தில் கடப்பாரையால் குத்தி இறக்கிய கால் அன்றைக்கு அசையாமல் நிற்கும். ஆனியில் அதைச் சுற்றி மண் விலகி நிற்கும், கையாலேயே உருவிவிடலாம். உங்கள் கால்கள் கிளம்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன். சுவர் நேராக இருக்கும் கான்கிரீட் குழியும் கரிசலில் முழுப் பயன் தராது. பக்கத்து மண் விலகியதும் அதன் சொந்த எடை மட்டுமே மிஞ்சும்.

எனவே குழியை வாய் குறுகலாக, அடி அகலமாக எடுங்கள். ஆழம் மூன்று அடி வரட்டும். மேலே ஒரு அடி அகலம், கீழே ஒன்றரை அடி. அகலமான அடிப்பகுதிமேல் மண் உட்கார்ந்திருப்பதால், பக்கத்தில் வெடித்தாலும் மேலே கிளம்பாது. மூன்று அடிக்கு முன்பே சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு) வந்துவிட்டால் நல்லது, அதைக் கொஞ்சம் கொத்தி அதிலேயே நிறுத்துங்கள். குழாயின் கீழ் முனைக்கு நான்கு அங்குலம் மேலே துளை போட்டு, ஒரு 12 மி.மீ. கம்பித் துண்டைக் குறுக்காகச் செருகிவிட்டு கான்கிரீட் போடுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் மண்ணுக்குள் இருக்க, குழாய் மட்டும் வழுக்கி வெளியே வரும். கான்கிரீட்டைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே ஏற்றிச் சரிவாக முடித்தால் காலைச் சுற்றித் தண்ணீர் நிற்காது. எட்டுக் காலுக்கும் இப்படிச் செய்ய வசதி இல்லையென்றால் நான்கு மூலைக்காவது செய்யுங்கள். மற்றவற்றுக்குச் சாதாரணக் குழி போதும். காலைச் சுற்றி இரண்டு அடிக்குத் தென்னை மட்டையோ கடலைத் தொலியோ பரப்பி, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டுவந்தால் வெடிப்பு குறையும்.

கொத்தனாரிடம் இதைச் சொன்னால், "இத்தனூண்டு கொட்டாய்க்கு இவ்வளவு ஆழமா?" என்று கேட்பார். விடாதீர்கள். குழியின் அடி அகலத்தை நீங்களே இறங்கி டேப் வைத்து அளந்து பார்த்த பிறகு கான்கிரீட் கலக்கச் சொல்லுங்கள்.

மூலைவிட்டத் தாங்கு குழாய் இரண்டு முனை வளைவுகளிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் குடில் கிழக்கே சாயும்.

கதவு கிழக்கே இருக்க வேண்டும். மேற்கே வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். காற்று மாதங்களில் மேற்குப் பக்கத்தை முழுதாக மூடி, கிழக்கே மட்டும் அரை அடி திறந்து வைத்தால், உள்ளே காற்று தேங்கித் தள்ளுவதற்குப் பதில் வெளியே இழுபடும். தூக்குவிசை குறையும்.

அடுத்து மேற்கே ஒரு காற்றுத் தடுப்பு. மதில் எழுப்ப வேண்டாம். கெட்டிச் சுவரைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சுழன்று விழுந்து குடிலை இன்னும் மோசமாக உலுக்கும். காற்றில் பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் தடுப்புதான் நல்லது. 50 சதவீத நிழல்வலையைக் குடிலின் உயரத்துக்கு, பத்து அடி தள்ளிக் கல்தூண்களில் இழுத்துக் கட்டுங்கள். கூடவே அகத்தியை நெருக்கமாக விதைத்துவிடுங்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்கு அகத்தி, வாழைக்குச் சவுக்கு என்று நம் விவசாயிகள் காலங்காலமாகச் செய்துவருவதுதான். ஒரு வருடத்தில் அகத்தி எழுந்துவிடும், அப்புறம் வலை கிழிந்தாலும் கவலையில்லை.

வானிலை அறிவிப்பில் "40 முதல் 50 கி.மீ., இடையிடையே 60 கி.மீ." என்று சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இடையிடையே என்ற எண்ணைத்தான். குடிலைத் தூக்குவது அந்த வீச்சு. அது 70ஐத் தாண்டும் என்று வந்தால், காற்று தொடங்கும் முன்பே ஷீட்டைக் கழற்றிவிடுங்கள். அடிக்கத் தொடங்கிய பிறகு பக்கத்தில் போகாதீர்கள். காற்றில் விரிந்த ஷீட் ஆளையே இழுத்துப்போகும்.

கடைசியாக, உங்களிடம் யாராவது வந்து, "பழையதை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள், மானியம் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தோட்டக்கலைத் துறை மூலம் வரும் 50 சதவீத மானியம் சிட்டா, அடங்கல் வைத்து வணிகமாகச் சாகுபடி செய்யும் விவசாயிக்கு, சதுர மீட்டர் கணக்கில் தருவது. கொல்லையில் 120 சதுர அடிக்கு வாங்கித் தருகிறேன் என்பவர் உங்கள் முன்பணத்தைத்தான் கணக்குப் பண்ணுகிறார். அந்த விவசாயிகளே ஒரு கையெழுத்துக்காக எத்தனை முறை அலைகிறார்கள் என்பது வேறு கதை. அலைந்து அலுத்துப்போய்த்தான் இடைத்தரகர் கையில் விழுகிறார்கள். சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், விண்ணப்பத்துக்குத் தரகர் தேவையில்லை.

வேலையைச் சித்திரையில் தொடங்குங்கள். கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். அது இறுகும்வரை ஷீட்டை ஏற்றாமல் வெறும் எலும்புக்கூடாகவே நிற்கட்டும்.