கால் மரத்துப்போகாமலேயே கில்லன் பாரே நோய் வருமா?

கேள்வி: கில்லன் பாரே நோய் கால் மரத்துப்போவதில்தான் தொடங்கும் என்று படித்தேன். எங்கள் வீட்டுப் பையனுக்கு மரத்துப்போகவே இல்லை, நடக்கத்தான் முடியவில்லை. ஊருக்கு ஊர் இது மாறுமா?

மாறும். என் தம்பிக்கும் அப்படித்தான் வந்தது.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். மழைத் தண்ணீர் வடிந்த சமயம் நாலு நாள் வயிற்றுப்போக்கு, அப்புறம் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு காலை, "ணா, காலு நிக்க மாட்டேங்குது ணா" என்றான். அத்தை வாய்வு என்றார். தெருமுனை கிளினிக்கில் கிள்ளிப் பார்த்தார்கள், வலிக்குது என்றான். "உணர்ச்சி இருக்கே" என்று சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவனால் லுங்கி முடிச்சுப் போட முடியவில்லை.

1916-ல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்த நரம்பு நோய் இது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதிகம் காணப்படுவது நரம்பின் மேலுறை கெடும் வகை. மரத்துப்போவது, கூச்சம், பலவீனம் எல்லாம் சேர்ந்து வரும். நீங்கள் படித்தது இதைத்தான். இன்னொரு வகையில் தசையை இயக்கும் நரம்பின் உள்கம்பியே தாக்கப்படுகிறது. தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும், கை கால் மட்டும் விழுந்துவிடும். வட சீனக் கிராமங்களில் கோடைதோறும் பிள்ளைகள் இப்படிப் படுத்துக்கொண்டதை ஆராய்ந்துதான், 1990-களின் தொடக்கத்தில் இதைத் தனி வகையாகப் பிரித்தார்கள். 2018-ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் எனக்கு மறக்காத ஒரு கணக்கு: ஐரோப்பா, அமெரிக்க நாடுகளில் 69 சதவீதம் பேருக்கு உணர்ச்சி, இயக்கம் இரண்டும் பாதிப்பு. வங்கதேசத்தில் அதே 69 சதவீதம், ஆனால் இயக்கம் மட்டும்! ஜப்பான் பக்கம் போனால் கண் அசையாமல் நடை தள்ளாடும் மில்லர் ஃபிஷர் வகை கூடுதல். நம் நாட்டில் மேலுறை வகையும் வருகிறது, உள்கம்பி வகையும் வருகிறது.

இந்த உள்கம்பி வகைக்குக் காரணத்தில் பெரும்பங்கு வயிற்றில் இருக்கிறது. கேம்பிலோபாக்டர் என்ற கிருமி, கெட்ட தண்ணீரிலும் சரியாக வேகாத கோழியிலும் வரும். அதன் மேற்பூச்சு நம் இயக்க நரம்பில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை அப்படியே ஒத்திருக்கிறது. கிருமியை அடிக்கப் போன எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் நரம்பையும் சேர்த்து அடித்துவிடுகிறது. 2025 தொடக்கத்தில் புனேயில் பரவியபோதும் நோயாளிகளின் மலத்தில் இந்தக் கிருமி கிடைத்தது. குழாயில் சாக்கடை கலக்கும் வடசென்னைத் தெருவில் இருக்கிற எனக்கு அந்தச் செய்தியைப் படித்து வயிறு கலங்கியது.

தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே டாக்டர் முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கால் துள்ளவில்லை. (உள்கம்பி வகையில் சிலருக்குத் துள்ளும் என்றும் சொன்னார். அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.) நரம்பு டெஸ்ட், முதுகில் நீர் எடுத்தார்கள். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (ரத்த தானத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் பொருள்) ஏற்றினார்கள். ரத்தத்தின் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியை மாற்றுவது இன்னொரு வழி. ஸ்டீராய்டு இதற்கு உதவாது.

உங்கள் பையனுக்கு மூச்சு வாங்குகிறதா, விழுங்கத் தடுமாறுகிறானா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு வண்டி பிடியுங்கள். இல்லாவிட்டாலும் இன்றைக்கே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள், சமீபத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தம்பி ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினான். முழுப் பெட்டி இன்னும் தூக்குவதில்லை, பாதிப் பெட்டிதான்.