2011 ஹோம்ஸ்டெட்: எட்வர்ட்ஸ் கணக்கில் விடுபட்ட 1 புள்ளி

வணக்கம் நண்பரே. 2011 நாஸ்கார் (அமெரிக்க கார் பந்தயத் தொடர்) சீசனின் கடைசிப் பந்தயத்தோடு புள்ளிகளைக் கூட்டினால் ஓட்டுநர் கார்ல் எட்வர்ட்ஸுக்கு 2402தான் வருகிறது, எல்லாரும் 2403 என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அப்போதைய விதிப்படி, ஒரு பந்தயத்தில் அதிக சுற்றுகள் முன்னிலையில் ஓடியவருக்கு 1 புள்ளி தனியாக உண்டு. அதுதான் விட்டுப்போயிருக்கிறது.

அந்தக் கடைசிப் பந்தயம் நடந்த ஹோம்ஸ்டெட்டுக்கு எட்வர்ட்ஸ் 2359, அவருடைய போட்டியாளர் டோனி ஸ்டீவர்ட் 2356 புள்ளிகள் என்று வந்தார்கள். ஸ்டீவர்ட்டுக்கு முதலிடத்துக்கு 43, வெற்றிக்கு 3, ஒரு சுற்றாவது முன்னிலையில் ஓடியதற்கு 1, ஆக 47. இரண்டாவதாக வந்த எட்வர்ட்ஸுக்கு 42, முன்னிலையில் ஓடியதற்கு 1. 267 சுற்றில் 119 சுற்று அவர்தான் முன்னால், அதற்கு இன்னொரு 1. ஆக 44. இருவருக்கும் 2403!

சமன் என்றால் அந்த சீசனின் வெற்றிகளை எண்ணுவார்கள். ஸ்டீவர்ட் 5, எட்வர்ட்ஸ் 1, அதுவும் மார்ச் மாதம் லாஸ் வேகஸில். ஸ்டீவர்ட்டின் ஐந்துமே கடைசிப் பத்துப் பந்தயங்களில் வந்தவை. அதனால் பட்டம் ஸ்டீவர்ட்டுக்குப் போனது.

பந்தயத்தை முழுசாகப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஓடுபாதையில் கிடந்த ஒரு துண்டு ஸ்டீவர்ட் காரின் முன் கிரில்லில் ஓட்டை போட்டது. பிட்டில் (ஓடுபாதை ஓரம் கார்களைச் சரிசெய்யும் இடம்) ஒட்டுப்போட்டு, பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். எட்வர்ட்ஸும் முதல் இடத்தில் புறப்பட்டு, அன்று ஒரு குறையும் வைக்கவில்லை. அவரை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை.

உங்கள் அட்டவணையில் மற்ற பந்தயங்களுக்கும் அந்த 1 புள்ளிக்குத் தனிக் கட்டம் போட்டுவிடுங்கள்.