கேம்பர் வேனில் கேஸ் அலாரம்: வயரிங் கேள்விகளும் பதில்களும்

கோவையில் இருபத்திரண்டு வருடமாக வண்டி வயரிங் வேலை செய்கிறேன். இப்போது என் ஒர்க்‌ஷாப்புக்குப் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து மாற்றிய ஈகோ, டிராவலர் வேன்கள் நிறைய வருகின்றன. ஆர்வமாகச் செய்திருக்கிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் கேஸ் அலாரத்தைக் கடைசி நாளில், கிளம்பும் அவசரத்தில், கையில் கிடைத்த வயரை வைத்து மாட்டியிருப்பார்கள். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஆன்லைனில் 12 வோல்ட் கேஸ் லீக் அலாரம் வாங்கினேன். சிவப்பு, கருப்பு என்று இரண்டே வயர். நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடலாமா? கொஞ்சூண்டு கரண்ட்தான் எடுக்கும் என்கிறார்கள். அதற்கும் பியூஸ் வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும் தம்பி. அலாரம் எடுப்பது 100 மில்லி ஆம்பியர் அளவுதான், சரி. ஆனால் அந்த வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டுவிட்டால், பேட்டரி அலாரத்தின் கணக்கைப் பார்க்காது. தன்னிடம் இருக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அந்த மெல்லிய வயருக்குள் தள்ளும். பியூஸ் போடுவது அலாரத்தைக் காப்பாற்ற மட்டும் என்று நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது வயரை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வேன், "அலாரம் வேலை செய்யவில்லை, ஏதோ கருகல் வாடை வருகிறது" என்று வந்தது. டிரைவர் சீட்டைக் கழற்றினேன். சீட் முன்னும் பின்னும் நகரும் ரயிலுக்கு அடியிலேயே சிவப்பு வயரை விட்டிருந்தார்கள். சீட் நகர நகர ரயிலின் ஓரம் வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியிருக்கிறது. ஒரு முழ நீளத்துக்கு இன்சுலேஷன் உருகி, கார்பெட்டோடு ஒட்டி, கையில் எடுத்தால் கருப்பாகப் பொடிந்தது. உள்ளே செம்பு நீலம் பாய்ந்து கிடந்தது. வயரின் ஒரு முனை எரிந்து அறுந்ததால் மட்டுமே தீ அதோடு நின்றது. அந்த வண்டியில் இரண்டு குழந்தைகள் படுத்துத் தூங்குவார்கள். பேட்டரிப் பக்கத்தில் ஒரு சின்ன பியூஸ் இருந்திருந்தால் இத்தனையும் ஒரு 'டப்' சத்தத்தோடு முடிந்திருக்கும்.

பியூஸை பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். அலாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் நான்கு மீட்டர் வயருக்குக் காவல் இல்லை. அளவு, கம்பெனி மேனுவலில் போட்டிருப்பது எதுவோ அது. ஒன்றும் போடவில்லையென்றால் 2 ஆம்பியர் பிளேடு பியூஸ், சாம்பல் நிறத்தில் கிடைக்கும். கடையில் இல்லையென்று சிவப்பு 10 ஆம்பியரைப் போட்டுவிட்டு வராதீர்கள். வயர் 1 ஸ்கொயர் எம்எம் போதும். அலாரம் எடுக்கும் கரண்டுக்கு அதைவிட மெல்லியதே தாங்கும், ஆனால் ஓடும் வண்டியின் ஆட்டத்துக்கு அது தாங்காது. தகரத்தில் ஓட்டை போட்டு வயர் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் கிரோமெட், அதாவது ஓட்டையின் ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம், இருக்க வேண்டும். பாடி ஓரமாக, ஸ்லீவுக்குள் விட்டு, ஒரு சாணுக்கு ஒரு டை போட்டுக் கட்டுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: சார், என் வேனில் இரண்டு பேட்டரி. இன்ஜினுக்கு ஒன்று, உள்ளே லைட், ஃபேனுக்கு ஒன்று. அலாரத்தை எதில் கொடுப்பது? இக்னிஷன் லைனில் கொடுத்தால் பேட்டரி இறங்காதே?

இக்னிஷன் லைன் வேண்டாம் சார். சாவியை எடுத்துவிட்டுத் தூங்கும்போதுதான் அலாரம் விழித்திருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் இரண்டாவது பேட்டரியில் கொடுங்கள். மெயின் ஐசோலேட்டர் சுவிட்ச் (பேட்டரியை மொத்தமாகத் துண்டிப்பது) இருந்தால் அதற்கு முன்னாலேயே, பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக எடுங்கள். நடுவில் சுவிட்ச் எதுவும் வேண்டாம். சுவிட்ச் இருந்தால் என்றாவது ஒரு ராத்திரி, வெங்காயம் வதக்கும்போது கத்தியது என்று யாராவது அணைப்பார்கள். மறுபடி போட மறந்துவிடும்.

சார்ஜ் கணக்கும் பார்த்துவிடலாம். 100 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தால், அலாரம் மட்டும் ஓடினால் இருபது நாள் தாங்கும். இதையே 35 ஆம்பியர்-ஹவர் இன்ஜின் பேட்டரியில் கொடுத்தால் பத்து நாளில் 24 போய்விடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் சிலிண்டரை வெளியே எடுத்துவிட்டு, அதன்பிறகு அலாரத்தின் பியூஸை உருவுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

சென்னையிலிருந்து ஓர் அக்கா: ஸ்மோக் அலாரம் மாதிரி கூரையில் ஒட்டலாமா? அப்புறம், கேஸ் கசிந்தால் வாடையே காட்டிக் கொடுத்துவிடுமே, அலாரம் எதற்கு?

கூரையில் ஒட்டினால் பிரயோஜனம் இல்லை அக்கா. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரி இறங்கித் தரையில் பரவும், கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கும். அதனால் தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், அடுப்பும் சிலிண்டரும் இருக்கும் பக்கம் வையுங்கள். கதவிடுக்கில் காற்றடிக்கும் இடமும், கழுவும் தண்ணீர் தெறிக்கும் இடமும் வேண்டாம். புகைக்குத்தான் கூரை. கார்பன் மோனாக்சைடு, அதாவது எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் விஷ வாயு, கிட்டத்தட்ட காற்றின் கனம்தான், அதற்கான அலாரத்தைப் படுத்தால் தலை இருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும்.

வாடை விஷயம்: கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது, நமக்குத் தெரிவதற்காகவே மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். விழித்திருப்பவருக்கு அது போதும். தூங்குபவரை வாடை எழுப்பும் என்று நம்ப முடியாது. திரவமாக ஒரு லிட்டர் கசிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாக விரியும். ஒரு வேனின் உள்ளிடம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

லண்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி: வணக்கம் அண்ணை. பழைய கேம்பர் வான் ஒன்று வாங்கினனான். ஹூக்-அப்பில் (கேம்ப் சைட்டின் மெயின் கரண்டில்) போட்டுவிட்டுப் படுத்தால் இரவு ரெண்டு மணிக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்குது. அடுப்பும் ஹீட்டரும் ஓடேல்லை. அலாரம்தான் பழுதோ?

பழுது என்று முடிவு கட்டாதீர்கள் தம்பி. அடித்தால் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் ஜெனரேட்டர் போட்டிருந்தாலோ, டீசல் ஹீட்டர் ஓட்டினாலோ அந்தப் புகை உங்கள் ஜன்னல் வழியாக வரலாம். முதலில் அதைப் பாருங்கள்.

அது இல்லையென்றால் நான் சந்தேகப்படுவது உங்கள் பேட்டரியை. லெட் ஆசிட் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வெளியே வரும். கார்பன் மோனாக்சைடு சென்சார் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளும். ஹூக்-அப்பில் இருக்கும்போது மட்டும், அதுவும் மணிக்கணக்காகச் சார்ஜ் ஆன பிறகு அடிக்கிறது என்பது அதோடு பொருந்துகிறது. பகலில் கதவுகளையெல்லாம் நன்றாகத் திறந்து வைத்து, சார்ஜரைச் சுவரிலேயே அணைத்துவிட்டுப் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, பக்கம் உப்பியிருக்கிறதா, அழுகின முட்டை நாற்றம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள். பேட்டரி நன்றாக இருந்தால் சார்ஜரின் வோல்டேஜை அளந்து பாருங்கள். முழுச் சார்ஜ் ஆனபின் 13.5 பக்கம் இறங்க வேண்டும். 15ஐத் தாண்டி நின்றால் சார்ஜரில் கோளாறு. ஆக, அலாரம் பொய் சொல்லவில்லை. ஹைட்ரஜனும் வெடிக்கும் வாயுதான், அது உங்கள் வண்டிக்குள் சேர்ந்துகொண்டிருந்திருக்கும். பேட்டரிப் பெட்டியிலிருந்து வெளியே காற்றுப் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலாரமே பழசு என்றால், வண்டிக்கென்று இருக்கும் ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வீட்டுக்கானது வேறு, இது ஆட்டத்தையும் தாங்கும்படி சோதித்தது.

சேலத்திலிருந்து: ரூம் லைட் வயரில் கிளிப் மாட்டி டேப்பிங் எடுத்தால் சுலபமாக முடியுமே அண்ணா?

சுலபம்தான், ஆனால் வேண்டாம். கத்தி போல் வயரைக் கடிக்கும் அந்த கிளிப் பாதி இழைகளை அறுத்துவிடும், மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். புது பிஎஸ்6 வண்டிகளில் பல விளக்குகளைக் கட்டுப்படுத்துவது ஒரு கம்ப்யூட்டர். கதவை மூடிக் கொஞ்ச நேரம் ஆனதும் ரூம் லைட் லைனையே அது தூங்க வைத்துவிடும், கூடவே உங்கள் அலாரமும் தூங்கும். மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக்.

மதுரையிலிருந்து: அலாரம் அடித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும்படியும், வெளியே ஒரு பெரிய சைரன் அடிக்கும்படியும் ரிலே போட நினைக்கிறேன். படம் வரைந்து தர முடியுமா?

சைரனுக்கு வழி சொல்கிறேன். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ஃபேனை விட்டுவிடுங்கள். நாம் சாதாரணமாக மாட்டும் பல ஃபேன்களின் மோட்டாரில் பொறி பறக்கும். கேஸ் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து நாமே பொறியை மூட்டிவிட்டது போலாகும். அதற்குப் பதிலாக, சிலிண்டர் பெட்டியின் அடித்தரையில் நேராக வெளியே திறக்கும் ஓட்டை ஒன்று எப்போதும் அடைக்காமல் இருக்கட்டும். கேஸ் தானாகவே இறங்கிப் போய்விடும். கரண்ட் வேண்டாம், கெட்டுப்போகவும் அதில் ஒன்றும் இல்லை.

சைரனுக்கு: உங்கள் அலாரத்தில் ரிலே அவுட்புட் என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பஸரில் வயரைச் சாலிடர் செய்து எடுக்காதீர்கள். இருந்தால், அந்த அவுட்புட்டிலிருந்து வண்டி ரிலேயில் 86 என்று எண் போட்ட காலுக்கு, 85 எர்த்துக்கு. 30க்குப் பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக லைன், 87 சைரனுக்கு. 85க்கும் 86க்கும் குறுக்கே ஒரு 1N4007 டையோடு, வெள்ளைக் கோடு போட்ட முனை 86 பக்கம். அது இல்லையென்றால் ரிலே விடும்போது எழும் வோல்டேஜ் அலாரத்தின் சர்க்யூட்டை நாளடைவில் கொன்றுவிடும். ரிலேயிலும் சின்னப் பொறி உண்டு, அதனால் அதையும் சைரனையும் தரை மட்டத்தில் வைக்காமல் இன்ஜின் பக்கமோ வெளியிலோ மாட்டுங்கள்.

ஓசூரிலிருந்து: லித்தியம் பேட்டரிக்கு லோ வோல்டேஜ் பஸர் போடலாமா?

லெட் ஆசிட்டுக்குச் சரி, 12.2 வோல்ட் பக்கம் வந்தால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். லித்தியம் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜைக் காட்டும். பஸர் அடிக்கும்போது ஏறக்குறைய எல்லாம் முடிந்திருக்கும். ஷண்ட் வைத்த மீட்டர் வாங்குங்கள், அது பேட்டரிக்குள் போகும் வரும் கரண்டையே எண்ணும்.

தஞ்சாவூரிலிருந்து: வயர்களை இணைக்கும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? எர்த்துக்கு ஏதாவது ஒரு ஸ்க்ரூ?

நம் ஊர் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். அளவான உலோக ஸ்லீவ் போட்டு கிரிம்ப் பண்ணுங்கள் (கருவியால் நசுக்கிப் பிடிக்க வையுங்கள்), இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அப்புறம் ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் குழாய். எர்த்தைப் பேட்டரி நெகட்டிவுக்கே தனி வயராகக் கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்த முறை. பாடியில்தான் கொடுக்க வேண்டுமென்றால் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரிந்தபின் பல்வாஷரோடு முடுக்குங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, ராத்திரி அது கத்தினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? என் மனைவி கொசு ஸ்பிரே அடித்தாலும் கத்துகிறது. லைட்டர் காட்டிச் சோதித்துப் பார்க்கலாமா?

ஐயா, கத்தினால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அலாரத்தின் பியூஸைப் பிடுங்குவதும் பொறிதான். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு இறங்கித் தள்ளி நில்லுங்கள். டார்ச்சோ போனோ வெளியே வந்த பிறகுதான்.

ஸ்பிரே, கை கழுவும் சானிட்டைசர், சென்ட் எல்லாவற்றுக்கும் அந்த சென்சார் கத்தும், அது அதன் குணம். ஸ்பிரேயை வெளியே வைத்து அடிக்கச் சொல்லுங்கள். லைட்டர் கேஸை நேராக அலாரத்தின் முகத்தில் அடிக்காதீர்கள், சென்சார் பழுதாகும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது பஸரையும் சர்க்யூட்டையும் மட்டும்தான் சோதிக்கும், சென்சாரின் ஆயுளைச் சொல்லாது. பின்பக்கம் மாற்ற வேண்டிய வருடம் போட்டிருக்கும். மாட்டும் அன்றே அந்த வருடத்தை மார்க்கரால் முன்பக்கம் பெரிதாக எழுதிவிடுங்கள் ஐயா, கழற்றாமலே தெரியும்.